ஊசி உடையவில்லை என்றாலும் மாற்ற வேண்டும்

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. பன்னிரண்டு வருடமாகத் தையல் வேலை. கால் மிதி மெஷினுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் மோட்டார் பொருத்தியிருக்கிறார். ரவிக்கை, சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ் என்று அக்கம்பக்கத்து வேலைதான் அதுவரை. போன ஐப்பசியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரிடம் பள்ளிக்கூட டிராக் பேன்ட் வாங்கி, பாக்கெட்டும் பக்கப் பட்டையும் வைத்துத் தருகிறார். பீஸ் கணக்கில் கூலி. நடுவில், கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்த் துணிக்கும் ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

மார்கழியில் தொல்லை ஆரம்பித்தது. டிராக் பேன்ட் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது, நூல் அடிக்கடி அறுகிறது. மெக்கானிக் வந்து, ஊசிக்கு அடியில் பாபின் நூலோடு சுழன்று தையலைப் பின்னும் ஷட்டிலை 1,400 ரூபாய்க்கு மாற்றினார். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். கான்ட்ராக்டர் 40 பீஸைச் சரியில்லை என்று ஒதுக்கி, கூலியில் 1,200 ரூபாயைப் பிடித்துவிட்டார். மெஷினுக்கு வயசாகிவிட்டது, மகளிர் குழுவில் 25,000 லோன் போட்டுக் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின் வாங்கிவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். லோன் வாங்கலாமா, பிடித்த பணத்தைக் கேட்க முடியுமா என்பதுதான் அவருடைய இரண்டு கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

லோன் பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்றாவது பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஊசி நன்றாகத்தான் இருக்கிறது, தீபாவளிக்கு முந்தின வாரம் போட்டது, உடையவே இல்லை." உங்கள் இரண்டு கேள்விகளுக்குமான பதில் அந்த வரிக்குள் இருக்கிறது. தீபாவளியிலிருந்து பொங்கல் வரை, தினம் ஐந்து மணி நேரம், பருத்தி, பாலியஸ்டர், தார்ப்பாய் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் தைத்திருக்கிறீர்கள். உடைந்தால்தான் ஊசியை மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். நம் பக்கம் பத்துத் தையல்காரர்களைக் கேட்டால் எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது தப்பு. நூல் எப்படித் தீருமோ அப்படித்தான் ஊசியும் தீரும். நூல் தீர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, ஊசி தீர்ந்தால் தெரிவதில்லை.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். குன்னூரில் ஒரு கடையில் வேலை பழகிய காலத்தில், தையல் விடுகிற மெஷின் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். காலையிலிருந்து ஷட்டிலைக் கழற்றி மாட்டினேன், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகினேன், துணியை நகர்த்தும் பல்லை ஏற்றி இறக்கினேன். சாயங்காலம் பெரியவர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசாமல் பாக்கெட்டிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்துப் போட்டு, நான்கு அங்குலம் தைத்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த மெஷின் என் முன்னால் வந்தாலும் முதலில் ஊசியை மாற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுகிறேன். உங்கள் மெக்கானிக் ஷட்டிலை மாற்றியது வீண் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

ஊசி தேய்ந்தால் தையல் ஏன் விடுகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இடது பக்கத் தகட்டை நகர்த்தி, நூல் கோத்த ஊசியை வீலைக் கையால் சுற்றி மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஊசி அடிவரை போய் மேலே கிளம்பும்போது உடனே நூலை இழுத்துக்கொண்டு வராது. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் ஏறும் நேரத்தில், ஊசிக் காதுக்கு மேலே நூல் சற்றே பிதுங்கி ஒரு சின்ன வளையம் போடும். ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்துக்குள் நுழைந்து நூலைப் பிடித்துக்கொண்டு போய் பாபின் நூலைச் சுற்றி வரும். ஒரு தையல் என்பது இவ்வளவுதான். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தாள் கனம்கூட இருக்காது. ஊசி ஒரு மயிரிழை வளைந்தாலும் மூக்கு வளையத்தைத் தவறவிடும், அந்த இடத்தில் தையல் விழாது. முனை மழுங்கியிருந்தாலும் இதேதான். பனியன் துணி மாதிரி இழுபடும் துணி, மழுங்கிய ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும். துணி எழும்பினால் வளையம் விரியாது.

சுத்தமான பருத்தியில் இந்தக் கோளாறு லேசாகத்தான் தெரியும், பாலியஸ்டர் பின்னல் துணியில் உடனே தெரியும். ரவிக்கை ஒழுங்காக வருகிறது, டிராக் பேன்ட் மட்டும் தொல்லை பண்ணுகிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் இதுதான். மெஷினுக்கு வயசாகியிருந்தால் ரவிக்கையிலும் தையல் விட்டிருக்கும்.

தேய்ந்த ஊசியை எப்படிக் கண்டுபிடிப்பது

இப்போது மெஷினில் இருக்கும் ஊசியைக் கழற்றுங்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை லேசாக, குறுக்கே இழுத்துப் பாருங்கள். நல்ல முனை வழுக்கிக்கொண்டு போகும். கொக்கி விழுந்த முனை நகத்தில் கோடு கிழிக்கும், உங்களுக்கே ஒரு சொரசொரப்புத் தெரியும். அடுத்து, மெஷினில் மாட்டும் தடித்த மேல்பகுதியான தண்டின் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி ஊசியைக் கண்ணாடி மேல் வைத்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே தெரியும் கீற்று முனை வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். முனைப் பக்கம் குறுகினாலோ அகன்றாலோ ஊசி வளைந்திருக்கிறது. புது ஊசியையும் இப்படிப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது, போலிப் பாக்கெட்டில் வளைந்தது வரும்.

காதும் கையும் பழகியவருக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். புது ஊசி துணிக்குள் இறங்கும் சத்தம் மெல்லியது. மழுங்கியது 'டப் டப்' என்று குத்தும், பாலியஸ்டரில் ரொம்பவே கேட்கும். தையலுக்கு இரண்டு பக்கமும் துணி சுருங்குவது, மெல்லிய பட்டில் ஓர் இழை மட்டும் இழுத்துக்கொண்டு குறுக்கே கோடு போடுவது, நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுவது, எல்லாம் ஊசி கொடுக்கும் எச்சரிக்கைதான். நூல் அறுந்தால் நாம் டென்ஷனைத் திருகுகிறோம். ஊசிக் காதின் உள்விளிம்பில் நூல் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால், அந்த விளிம்பே நூலைச் சீவிவிடும். டென்ஷனை எவ்வளவு தளர்த்தினாலும் அது நிற்காது.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள். முனையைச் சாசரின் அடிப்பக்கத்தில் தேய்த்துக் கூராக்கியதாக. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மெஷின் ஊசிக்கு மேலே வழவழப்பான பூச்சு உண்டு, தேய்த்தால் அது போய்விடும். முனையும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். கூராக இருப்பது போலத் தோன்றும், துணியின் இழையை விலக்குவதற்குப் பதிலாக அறுக்கும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை

எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும். உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 500 தையல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் போட்ட மெஷினுக்கு இது அதிகமில்லை. நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் 30,000 குத்து, எட்டு மணி நேரத்துக்கு 2,40,000 குத்து. தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு முனை இவ்வளவு உழைக்கிறது.

அந்த எட்டு மணி நேரம் கல்லில் வெட்டிய சட்டம் இல்லை. நீங்கள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் அதில் மெஷின் ஓடுவது பாதிதான், மீதி வெட்டுவதும் மடிப்பதும் பிரிப்பதும். அதனால் என் யோசனை இது. பருத்தி ரவிக்கை, லைனிங் என்றால் மூன்று நாளைக்கு ஓர் ஊசி. டிராக் பேன்ட் மாதிரி பாலியஸ்டர் வேலைக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. தார்ப்பாய், சாக்கு, கெட்டி ஜிப் வைத்த ஜெர்கின் தைத்துவிட்டால் அந்த ஊசி அன்றோடு சரி. பட்டுச் சேலை ரவிக்கைக்குக் கணக்கே பார்க்காமல் புது ஊசி. பின் மேலோ ஜிப் பல் மேலோ ஒரு தடவை அடித்துவிட்டாலும், பார்க்க நன்றாக இருந்தாலும், கழற்றிவிடுங்கள்.

ஓர் ஊசியின் விலை கடையில் குடிக்கும் ஒரு டீக்கு மேல் போகாது. வளைந்த ஊசி ஷட்டில் மூக்கில் உரசி அதைச் சொரசொரப்பாக்கினால், நீங்கள் கொடுத்த 1,400 ரூபாயை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

எந்த ஊசி

மேட்டுப்பாளையம் போனபோது ஒரு பாக்கெட் வாங்கினேன், நுழைந்தது, ஆனால் ஒரு தையலும் விழவில்லை, அதனால் பழையதையே போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கெட்ட ஊசி இல்லை. தண்டு சுற்றிலும் உருண்டையாக இருந்தது என்கிறீர்களே, அது கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷினுக்கான டி.பி × 1 ஊசி. தண்டு மெல்லியது, அதனால் உங்கள் மெஷினில் நுழையும், ஆனால் சரியான இடத்தில் நிற்காது. வீட்டு மெஷினுக்கு வேண்டியது எச்.ஏ × 1, தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடையில் பேர் மறந்துபோனால் "பட்டை ஊசி, வீட்டு மெஷினுக்கு" என்று கேளுங்கள், பழைய ஊசியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உறையில் 90/14 என்று இரண்டு எண் இருக்கும். 90 என்றால் ஊசியின் கனம் 0.90 மில்லிமீட்டர். 14 என்பது நாம் கடையில் கேட்கும் நம்பர். எண் கூடக் கூட ஊசி தடிமன். மெல்லிய பட்டு, ஷிஃபானுக்கு 9 அல்லது 11. ரவிக்கை, சுடிதாருக்கு 14. ஜீன்ஸுக்கு 16. தார்ப்பாய்க்கு 18. நீங்கள் தார்ப்பாயை 14-ல் தைத்திருக்கிறீர்கள், ஊசி வளைவதற்கு அது ஒன்றே போதும்.

நம்பர் மட்டும் பார்த்தால் போதாது, முனையையும் பார்க்க வேண்டும். உங்கள் டிராக் பேன்ட் துணி நெசவு இல்லை, பின்னல். இழைகள் வளையம் வளையமாகக் கோத்திருக்கும். கூர் முனை ஒரு வளையத்தை அறுத்துவிட்டால் அங்கே சின்ன ஓட்டை விழும், இரண்டு தடவை துவைத்ததும் ஓட்டை பெரிதாகும். இதற்கென்று முனை உருண்ட ஊசி இருக்கிறது, உறையில் 'பால் பாயின்ட்' அல்லது 'ஸ்ட்ரெட்ச்' என்று போட்டிருக்கும். அது இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு நடுவே இறங்கும். 11 அல்லது 14 நம்பரில் வாங்குங்கள். ஆர்கன், ஷ்மெட்ஸ் என்ற இரண்டு கம்பெனி ஊசியிலும் வருகிறது. தங்க நிறத்தில் பூச்சுப் போட்ட ஊசியும் கடையில் காட்டுவார்கள். அது கொஞ்சம் கூடுதலாக உழைக்கும் என்பது உண்மை, உங்களுக்கு இப்போது அது அவசியமில்லை.

போடும்போது நூலை வலமிருந்து இடமாகக் கோக்கும் உங்கள் மெஷினில் தட்டைப் பக்கம் இடது பார்த்து இருக்க வேண்டும். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் வலது பக்கம் வரும். மேலே முட்டும் வரை ஏற்றி, பிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தாலும் புது ஊசியும் தையல் விடும்.

நம் மலைக்கே உரிய இரண்டு விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் துணி ஒரு வாரம் காயாமல் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஈரத்தில் ஊசி மெஷினிலேயே நின்றால் பொடி துரு பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைத் துணியில் தைத்தால் புள்ளி தெரியும். இரண்டு நாள் தைக்கப் போவதில்லை என்றால் கழற்றி, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி டப்பாவில் போடுங்கள். அடுத்தது, மெஷின் எண்ணெய் தீர்ந்தால் தேங்காய் எண்ணெய் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்கிறதில்லையா, மெஷினுக்குள்ளும் அது அப்படித்தான் உறையும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கெட்டிப்படும். ஷட்டிலைக் கழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். பிசுபிசுப்பு போனாலே மெஷின் பாதி பாரம் குறைந்த மாதிரி ஓடும்.

கான்ட்ராக்டர் பிடித்த பணம்

நான் தையல் கற்றுத் தருகிறவன், மெஷின் பழுது பார்க்கிறவன், வக்கீல் இல்லை. ஆனாலும் பீஸ் வேலையில் இருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 1936-ஆம் ஆண்டின் கூலிப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த முறை இது: ஒப்படைத்த பொருள் கெட்டதற்குக் கூலியில் பிடிக்க வேண்டுமானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் தொகை நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன்னால் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். உங்களிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை, பீஸைக் காட்டவும் இல்லை. அது நியாயமில்லை.

அதே சமயம் உங்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஊசி மழுங்கியதால் பீஸ் கெட்டிருந்தால், அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. வீட்டிலிருந்து எழுத்து ஒன்றும் இல்லாமல் தைக்கும்போது சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போனால், பணம் வருவதற்குள் வேலை போய்விடும் அபாயமும் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 40 பீஸையும் திருப்பிக் கேட்பேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இரண்டாகப் பிரிப்பேன். தையல் மட்டும் விட்டிருப்பதைப் பிரித்து மறுபடி தைத்துவிடலாம், துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஓட்டை விழுந்திருப்பது மட்டும்தான் உண்மையான நஷ்டம். சரிசெய்த பீஸுக்குக் கூலியைக் கேளுங்கள், ஓட்டை விழுந்ததற்கு மட்டும் பேசிப் பாருங்கள். இனிமேல் எத்தனை பீஸ் வாங்கினீர்கள், எத்தனை கொடுத்தீர்கள், தேதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் பதிந்துவிடுங்கள், பிள்ளைகள் படிப்புக்கும் 60 வயதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கும் அது உதவும்.

நீங்கள் தைப்பது பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பு என்பதால் இதையும் கேளுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வரும் வரை அந்த பீஸை அடுக்கில் வைக்காதீர்கள். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். நம் வீட்டிலும் அந்த ஒழுங்கு இருக்கட்டும். பழைய ஊசிகளைக் குப்பையில் போடாமல் மூடியுள்ள மாத்திரை டப்பாவில் சேருங்கள்.

லோன்

பவர் மெஷின் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தினம் பத்து மணி நேர வேலையும், அதை நிச்சயமாகக் கொடுக்கும் ஆளும் இருந்தால் 25,000 நல்ல முதலீடுதான். இப்போது உங்களுக்கு இருப்பது ஒரு கான்ட்ராக்டர், அவரோடும் மனக்கசப்பு. அது மட்டுமில்லை, பவர் மெஷின் உங்கள் மெஷினைவிடப் பல மடங்கு வேகம். அந்த வேகத்தில் பாலியஸ்டர் துணியில் ஊசி சூடேறித் துணியே உருகி ஊசியில் ஒட்டும். ஊசியை மாற்றும் பழக்கம் இல்லாமல் அதில் உட்கார்ந்தால் இதே தொல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

அதனால் இந்த வாரம் இதைச் செய்யுங்கள். எச்.ஏ × 1 பால் பாயின்ட் ஊசி ஒரு பாக்கெட் வாங்குங்கள். ஷட்டிலைத் துடைத்து, புது ஊசி போட்டு, திருப்பிக் கேட்டு வாங்கும் டிராக் பேன்டில் ஒன்றை எடுத்துக் கால் முழுக்க ஒரு தையல் போடுங்கள். துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஓர் இடத்திலும் விடவில்லை என்றால் லோன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்போதும் விட்டால், அந்த ஊசியையும் தைத்த துண்டுத் துணியையும் ஒரு தாளில் மடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.